கடைசி ஆளின் குதிகால்

மெல்பேர்ன் புறநகரான கிரான்பர்னில் யோகராணியின் வீட்டுக்குள் சப்பாத்தோடு நுழைந்தவர் எவரும் கிடையாது. தண்ணீர்க் குழாய் வெடித்துக் குசினியில் அடுப்படி முழுக்க வெள்ளம் ஓடிய அன்று, ஓடோடி வந்த பிளம்பரைக்கூட அவள் வாசலில் மறித்துப் பூட்ஸைக் கழற்ற வைத்துத்தான் உள்ளே விட்டாள். ஆறடி உயரத்து வெள்ளைக்காரன், நனைந்த காலுறையோடு நின்று குழாயைத் திருத்தினான். போகும்போது தரையைப் பார்த்து "நைஸ் ஃப்ளோர்" என்று சொன்னான். அவன் எந்த அர்த்தத்தில் சொன்னானோ, யோகராணி அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

பாராட்டவேண்டிய தரைதான். வாசலிலிருந்து குசினி வரைக்கும் வெள்ளை டைல்ஸ். கல்லுப்போலக் கடினம், இங்கே குளிர்காலமான யூலை மாதத்தில் ஐஸ்போலக் குளிர். அந்தத் தரைமேல் வெறுங்காலோடு நடப்பதுதான் வீட்டுக்கு மரியாதை என்பது அவளுடைய சட்டம். அந்தத் தரையே தன் காலுக்கு எமனாக இருக்கிறது என்று அவளுக்குச் சொல்ல அப்போது ஆளில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டாள் என்பது வேறு கதை.

யோகராணிக்கு ஐம்பத்திரண்டு வயது. பருத்தித்துறைக்காரி. போர்க்காலத்துச் செல்லடிக்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இடம்பெயர்ந்து, நடந்து, ஓடி, கடைசியில் கணவர் அரியரத்தினத்தோடு மெல்பேர்ன் வந்து சேர்ந்தவள். அவ்வளவு தூரத்துக்கும் ஒருநாள்கூட முறையிடாத கால்கள் அவளுடையவை. இப்போது ஒரு மரக்கறித் தோட்டத்தின் கொட்டகையில் கீரை கழுவிப் பையில் அடைக்கிற வேலை. ஈரத்தரையில், முழங்கால் வரைக்கும் வெள்ளை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, விடிய வெளிக்கிட்டால் மத்தியானம் திரும்பும்வரை நின்றபடியே வேலை.

ஆனால் மெல்பேர்ன் தமிழர்களுக்கு அவளைக் கீரையால் தெரியாது. கயிற்றால்தான் தெரியும். ஒவ்வொரு கோடையிலும் பழைய மாணவர் சங்கங்கள் சேர்ந்து நடத்துகிற விளையாட்டுப் போட்டியில், பெண்களுக்கான கயிறிழுத்தலில் கிரான்பர்ன் அணியின் கடைசி ஆள் அவள். அணிக்கு எட்டுப் பேர். முன்னால் நிற்கிற ஏழு பேரும் இழுப்பார்கள். எட்டாவது ஆள், கயிற்றின் நுனியை அக்குளுக்குக் கீழால் எடுத்துத் தோளுக்கு மேலால் போட்டு, குதிகாலைப் புல்லுக்குள் ஊன்றி, பின்னால் சாய்ந்து அசையாமல் நிற்பாள். அவள் நின்றால் அணி நிற்கும். பள்ளிக்கூட நாளிலிருந்தே யோகராணிக்கு வேறு இடம் கிடையாது. உயரம் குறைவு, உடம்பு உருட்டு, பிடிவாதம் அதிகம். அந்த வேலைக்கு வேறு என்ன வேண்டும்?

அந்த இடத்துக்குத்தான் போன கோடையில் ஆபத்து வந்தது. மேற்குப் பக்கத்து வெரிபீ அணியோடு இறுதிப்போட்டி. ஆளுக்கொரு இழுவை வென்று மூன்றாவது நடந்துகொண்டிருந்தது. யோகராணி வழமைபோல வெறுங்காலோடு ஊன்றி நின்றாள். திடீரென்று வலது குதிகாலுக்குள் யாரோ ஆணி அடித்ததுபோல ஒரு குத்து. தன்னையறியாமல் குதியைத் தூக்கிவிட்டாள். அவ்வளவுதான். அணி முழுவதும் கோட்டுக்கு அங்காலே இழுபட்டுப் போய் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். வெரிபீயின் கடைசி ஆள் சிவாஜினி, கையைத் தட்டிக்கொண்டு வந்து கேட்டாள்.

"என்ன ராணியக்கா, வயது போட்டுதோ?"

கால் நொந்தது ஒருபக்கம் கிடக்க, அந்தக் கேள்வி நொந்ததுதான் யோகராணியால் தாங்கமுடியாமல் இருந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரோடும் முகம்கொடுத்துக் கதைக்கவில்லை.

உண்மையில் நோவு அன்றைக்கு வந்ததல்ல. அதற்கு முன்னரே காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கிற முதலடியில் அது காத்திருக்கும். சுவரைப் பிடித்து, நுனிக்காலில் கெந்திக் கெந்திக் குளியலறைக்குப் போவாள். நாலு அடி நடந்தால் கொஞ்சம் இளகும். இருந்து எழும்பினால் மறுபடி பிடிக்கும். அதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. தோற்ற பிறகு ஊருக்கே தெரிந்துவிட்டது. தெரிந்தவுடன் ஊர் முழுக்க வைத்தியர் ஆனது. ஒருவர் சுட்ட செங்கல்லில் எருக்கிலையை வைத்து மிதிக்கச் சொன்னார். எருக்கிலைக்கு இங்கே எங்கே போவது? இன்னொருவர் உப்பு ஒத்தடம் என்றார். வேறொருவர் நல்லெண்ணெய் என்றார். அரியரத்தினம் ஒவ்வொரு இரவும் எண்ணெய் தேய்த்துவிட்டு, "ராணி, இந்த எண்ணெயில நாலு வடை சுட்டிருக்கலாம்" என்று பெருமூச்சு விடுவார்.

இதற்கிடையில் அணியைப் பழக்குகிற கணேசலிங்கம் வீட்டுக்கு வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து கதிரையில் இருந்து, தேநீரைக் குடித்து முடித்துத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"அக்கா, குறை நினைக்கக் கூடாது. வாற வருசம் வினுஷாவைக் கடைசியில விடுவம் எண்டு யோசிக்கிறன். ஜிம்முக்குப் போற பிள்ளை. நீங்கள் எங்கட கொடியைப் பிடிச்சுக்கொண்டு முன்னால வாங்கோவன்."

"கொடி பிடிக்க மரம் போதும். அதுக்கு நான் என்னத்துக்கு?"

"கால் ஏலாதெண்டால் என்ன செய்யிறது அக்கா?"

"கால் என்ர. ஏலுமோ ஏலாதோ எண்டு நான் சொல்லுறன். கடைசிப் பயிற்சியில வினுஷாவையும் என்னையும் ஒராளுக்கு ஒராள் விட்டு இழுத்துப் பாருங்கோ. நிக்கிற ஆள் நிக்கட்டும்."

கணேசலிங்கம் ஒப்புக்கொண்டு போனார். ஒப்புக்கொள்ளாமல் அந்த வீட்டு வாசலைத் தாண்டியிருக்க முடியாது. அவர் போன பிறகு யோகராணி எழும்பினாள். குதிகால் குத்தியது. சொல்லிவிட்டோமே என்று அப்போதுதான் பயம் வந்தது.

அடுத்த கிழமை ஹரிப்பிரியாவிடம் போனாள். கோயம்புத்தூரில் பிறந்து இங்கே படித்து, கிரான்பர்னில் பிசியோதெரபி செய்கிற பெண். காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, குதிகாலின் உள்பக்கத்தில் பெருவிரலால் ஓரிடத்தை அமத்தினாள். யோகராணி கட்டிலிலிருந்து ஒரு சாண் எழும்பிவிட்டாள்.

"இதுதான் ஆன்ட்டி. குதிகால்லேர்ந்து விரல் வரைக்கும் அடிப்பக்கமா ஒரு பட்டை போகுது. அது நொந்து போயிருக்கு. சரியாயிடும், ஆனா மாசக்கணக்குல ஆகும். பொறுமை வேணும்."

"பொறுமை கனக்கக் கிடக்குது பிள்ளை. கயிறு இழுக்க ஏலுமோ எண்டதைச் சொல்லும்."

"இப்ப கூடாது. கால் தயாரானதும் நானே சொல்றேன்."

பாதத்தின் வளைவைத் தாங்கும்படி, சப்பாத்துக்குள் வைக்கிற ஒரு சோடி இன்சோல் செய்வித்துக் கொடுத்தாள். தண்ணீர்ப் போத்தலை உறையவைத்து உள்ளங்காலால் உருட்டச் சொன்னாள். கெண்டைக்காலை இழுத்து நீட்டுகிற பயிற்சி காட்டினாள். யோகராணி ஒன்றையும் விடவில்லை. உறைபெட்டியிலிருந்து மகன் கபிலனுடைய ஐஸ்கிறீமை வெளியே எடுத்துவிட்டு அந்த இடத்தில் போத்தலை வைத்தாள். அவன் "அம்மா, சீரியஸ்லி?" என்று கேட்டதையும் பொருட்படுத்தவில்லை.

மாதங்கள் போயின. இலையுதிர்காலம் போய்க் குளிர்காலம் வந்தது. நோவு மட்டும் போகவில்லை. போனதுபோல இருக்கும், அடுத்தநாள் கட்டிலடியில் காத்திருக்கும். யோகராணிக்குச் சந்தேகம் பிடித்தது. ஒருநாள் கணவரிடம் கேட்டேவிட்டாள். "இஞ்சாருங்கோ, இந்தப் பிள்ளை ஒழுங்காப் படிச்சுத்தான் வந்ததோ?"

அன்றைக்கே கடைசி முறை என்று மனதுக்குள் தீர்மானித்துக்கொண்டு ஹரிப்பிரியாவிடம் போனாள். ஹரிப்பிரியாவுக்கும் குழப்பம்தான். எல்லாம் செய்தும் ஏன் குறையவில்லை? அவள் யோகராணி கழற்றி வைத்திருந்த சப்பாத்தை எடுத்து உள்ளே பார்த்தாள். பிறகு கவிழ்த்து அடியைப் பார்த்தாள். பிறகு மறுபடி உள்ளே பார்த்தாள்.

"ஆன்ட்டி, இது புதுசா?"

"இல்லையே. நீர் இன்சோல் தந்த கிழமை வாங்கினது."

"அடி தேயவே இல்லை. இன்சோல்ல கால் தடம்கூட இல்லை. இதைத் தினமும் போடுறீங்களா?"

"ஓம், ஒவ்வொரு நாளும். வீட்டு வாசல்ல போட்டால் தோட்டத்தில போய்த்தான் கழட்டுறனான்."

"வேலைக்குப் போறது எதுல?"

"கார்லதான்."

"அங்க போய்?"

"ரப்பர் பூட்ஸ். ஈரமெல்லோ. அதுக்குள்ள இந்த இன்சோலை வைச்சால் ஊத்தையாப் போயிடுமே. நல்ல சாமான்."

"வீட்டுக்கு வந்ததும்?"

"வீட்டுக்குள்ள ஆர் பிள்ளை சப்பாத்துப் போடுறது?"

ஹரிப்பிரியா சப்பாத்தை மெல்லக் கீழே வைத்தாள். அந்த விலையுயர்ந்த இன்சோல் இத்தனை மாதமும் காரின் கால்மிதியைத் தவிர வேறெதையும் கண்டதில்லை என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. யோகராணியின் வீட்டில் கண்ணாடி அலுமாரிக்குள் ஒரு பூப்போட்ட தேநீர்க் கோப்பைச் செட் இருக்கிறது. நல்ல சாமான் என்பதால் இதுவரை அதில் யாரும் தேநீர் குடித்ததில்லை. அதே மரியாதையை இன்சோலுக்கும் கொடுத்துவிட்டாள். கால் மட்டும் ஈரக் கொங்கிறீற்றிலும் குளிர்ந்த டைல்ஸிலும் தன்பாட்டில் மிதிபட்டுக்கொண்டிருந்தது.

முதலில் சிரித்தது ஹரிப்பிரியாதான். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, "சாரி ஆன்ட்டி. எங்க வீட்லயும் வாசல்லதான் கழட்டுவோம். நானே டைல்ஸ்ல வெறுங்காலோடதான் நடக்குறேன். இதை உங்ககிட்ட கேக்கணும்னு எனக்கே தோணலை பாருங்க" என்றாள். யோகராணிக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. அந்தப் பிள்ளைமேல் வைத்த சந்தேகத்துக்காக மனதுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

ரப்பர் பூட்ஸுக்குள் வைக்க இன்னொரு சோடி வந்தது. அது சுலபம். கஷ்டம் வீட்டில்தான் இருந்தது. கட்டிலை விட்டு இறங்கும்போதே காலில் தடித்த செருப்பு இருக்கவேண்டும், குசினியிலும் அது கழலக் கூடாது என்பது ஹரிப்பிரியாவின் கட்டளை. குசினிக்குள் சாமித்தட்டு இருக்கிறது. பிளம்பரையே காலுறையோடு நிறுத்திய வீட்டுக்காரி, பிள்ளையாருக்கு முன்னால் செருப்போடு நிற்பதா? இரண்டு நாள் யோசித்தாள். கொடியா, கயிறா என்று தன்னையே கேட்டாள். மூன்றாம் நாள் கடைக்குப் போய், வளைவு தாங்குகிற நல்ல செருப்பொன்று வாங்கிவந்தாள். வீட்டு வாசலில் வைத்தே பெட்டியைப் பிரித்து, மஞ்சள் தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, பிறகுதான் உள்ளே கொண்டுவந்தாள். இந்தச் செருப்பு பிறந்தது முதல் வெளிநிலம் மிதித்ததில்லை, இனியும் மிதிக்காது, ஆகவே இது செருப்புக் கணக்கில் சேராது என்பது அவள் கண்டுபிடித்த புதுச் சட்டம். சாமித்தட்டுக்கு முன்னால் மட்டும் ஒரு தடித்த கம்பளத்தை மடித்துப் போட்டாள். செருப்பை விட்டு நேரே அதில் ஏறிக் கும்பிடுவாள், இறங்கி நேரே செருப்புக்குள் காலை விடுவாள்.

அரியரத்தினம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார். "ராணி, சரஸ்வதி பூசைக்கு இதையும் ஏட்டோட சேர்த்து வைப்பமோ?"

"வைச்சாலும் வைப்பன். உங்கட வாயைத்தான் வைக்கேலாது."

கொஞ்சம் கொஞ்சமாகக் காலை நோவு இளகத் தொடங்கியது. அப்போது ஹரிப்பிரியா அடுத்த வேலையைக் கொடுத்தாள். பின்வாசல் படியின் விளிம்பில் ஏறி, விரல்களுக்கு அடியில் துவாயைச் சுருட்டி வைத்து, குதியை மெதுவாக உயர்த்தி, நின்று, அதைவிட மெதுவாகப் படிக்குக் கீழே இறக்கவேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள். பழகியதும் முதுகில் பாரம் ஏற்றவேண்டும். யோகராணி கபிலனின் பழைய பள்ளிக்கூடப் பையை எடுத்து முதலில் பருப்புப் பைகளைப் போட்டாள். பிறகு தேங்காய்ப்பால் ரின்கள். பிறகு அரிசி. பின்வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த பக்கத்துவீட்டுக் கிழவர், இந்தப் பெண் பையோடு படியில் ஏறி எங்கும் போகாமல் இறங்குவதைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போவார். கெண்டைக்கால் இறுகி வருவதைத் தொட்டுப் பார்க்கிறபோது அவளுக்கு வந்த சந்தோஷம், முதல் சம்பளம் எடுத்த அன்றைக்குக்கூட வந்ததில்லை.

நடுவில் ஒருமுறை சறுக்கவும் செய்தாள். கோயில் திருவிழாவில் நாள் முழுக்கக் கல்தரையில் வெறுங்காலோடு சுற்றிவிட்டு வந்து, அடுத்தநாள் காலை பழைய ஆணியோடு எழும்பினாள். எல்லாம் போச்சு என்று கட்டிலில் இருந்து அழுதேவிட்டாள். ஹரிப்பிரியா திட்டவில்லை. காலுறைக்குள் வைக்கக்கூடிய சின்னக் குதிமெத்தை ஒன்றைக் கொடுத்து, "கோயிலுக்கு இதைப் போட்டுட்டுப் போங்க, வெளிய தெரியாது" என்றாள். சாமிக்குத் தெரியும், ஆனால் அவருக்கும் தன் கால்மேல் இரக்கம் இருக்கும் என்று யோகராணி சமாதானம் செய்துகொண்டாள்.

வசந்தம் முடிகிற நேரத்தில் ஹரிப்பிரியா அந்தச் சொல்லைச் சொன்னாள். "இழுக்கலாம். ஆனா வெறுங்காலோட இல்லை."

கடைசிப் பயிற்சியில் கணேசலிங்கம் வாக்குத் தவறவில்லை. கயிற்றின் ஒரு நுனியை வினுஷாவிடமும் மறு நுனியை யோகராணியிடமும் கொடுத்தார். வினுஷா நல்ல பிள்ளை. "அன்ரி, ஆர் யூ ஷோர்?" என்று கவலையோடு கேட்டாள். யோகராணி சப்பாத்தை இறுக்கிக் கட்டி, குதியை ஊன்றி, பின்னால் சாய்ந்தாள். வினுஷா இழுத்தாள். முகம் சிவக்க இழுத்தாள். கயிறு அசையவில்லை. கடைசியில் வினுஷாவே கயிற்றை விட்டுவிட்டு, "அன்ரியை நகர்த்திறதுக்கு லொறி வேணும்" என்று சிரித்தாள். கணேசலிங்கம் வினுஷாவை ஏழாவது இடத்துக்கு அனுப்பினார். கொடியை மைதானத்து மரத்தில் கட்டினார்கள்.

போட்டி நாளன்று வெயில் மண்டையைப் பிளந்தது. இறுதியில் மறுபடியும் வெரிபீதான். வேறு யார் வருவார்கள்? எல்லாப் பெண்களும் வழமைப்படி வெறுங்காலோடு இறங்க, யோகராணி மட்டும் சப்பாத்தோடு இறங்கினாள். சிவாஜினி பார்த்தாள், விடுவாளா?

"என்ன ராணியக்கா, டாக்குத்தரிட்டப் போற வழியில இறங்கினனீங்களோ?"

"ஓம் தங்கச்சி. உம்மையும் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தனான்."

முதல் இழுவையை வெரிபீ வென்றது. இரண்டாவதைக் கிரான்பர்ன் வென்றது. போன வருடத்தைப் போலவே மூன்றாவதுக்கு வந்து நின்றது. யோகராணி கயிற்றைத் தோளில் போட்டாள். எதிர்ப்பக்கத்துக்கு அவள் பயப்படவில்லை, தன் வலது குதிகாலுக்குத்தான் பயந்தாள்.

"கயிற்றைப் பிடியுங்கோ... இறுக்குங்கோ... இழுங்கோ!"

விசில் ஊதியது. வெரிபீ ஒரே மூச்சில் பாய்ந்து இழுத்தது. கயிறு ஒரு முழம் முன்னுக்குப் போனது. முன்னால் யாரோ வழுக்கினார்கள். எட்டுப் பேரின் பாரமும் ஒரே நேரத்தில் யோகராணியின் குதியில் வந்து இறங்கியது. இப்போது குத்தும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். குத்தவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்ந்தாள். அப்போதும் குத்தவில்லை. படியில் அரிசிமூட்டையோடு ஏறி இறங்கிய நாட்களெல்லாம் அந்தக் கெண்டைக்காலுக்குள் இருந்தன. அவள் வானத்தைப் பார்த்துச் சாய்ந்து, தொண்டை கிழியக் கத்தினாள்.

"நான் நிக்கிறன்! நீங்கள் இழுங்கோடி!"

வழுக்கியவள் எழும்பிப் பிடித்தாள். வினுஷா கால் மாற்றினாள். ஒரு முழம் திரும்பி வந்தது. இன்னொரு முழம் வந்தது. பிறகு எதிர்ப்பக்கத்தில் சிவாஜினியின் கால் புல்லைக் கீறிக்கொண்டு முன்னால் வரத் தொடங்கியது. நடுவர் கொடியைக் கீழே வீசியபோது கிரான்பர்ன் அணி முழுவதும் பின்னால் விழுந்து யோகராணிக்கு மேலே கிடந்தது. அடியில் கிடந்த அவள் அழுதாளோ சிரித்தாளோ தெரியாது, சத்தம் மட்டும் மைதானம் முழுக்கக் கேட்டது. அரியரத்தினம் குடையை எறிந்துவிட்டு ஓடிவந்து, அத்தனை பேருக்கும் முன்னால், "என்ர மனுசி!" என்று கத்தினார்.

கோப்பையை வாங்கிவிட்டு மர நிழலில் குளிர்பானம் குடித்துக்கொண்டிருந்தபோது சிவாஜினி வந்து பக்கத்தில் இருந்தாள். சப்பாத்தைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, அதுக்குள்ள என்ன வைச்சிருக்கிறியள்? எனக்கும் இப்ப காலமை எழும்பேக்க, முதலடி வைக்க ஏலாமல் கிடக்கு."

போன வருடத்துக் கேள்வியைத் திருப்பிக் கேட்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. யோகராணியின் நாக்கு நுனிவரைக்கும் அது வந்தது. ஆனால் முதலடி என்ற சொல் அதைத் தடுத்துவிட்டது. அந்த அடியின் அருமை அவளுக்குத் தெரியும்.

"அது பிறகு. முதல்ல இதைச் சொல்லும். வீட்டுக்குள்ள காலில என்ன போடுறனீர்?"

சிவாஜினி அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். "வீட்டுக்குள்ள ஆர் அக்கா செருப்புப் போடுறது?"

யோகராணி சிரித்த சிரிப்பில் குளிர்பானம் புரைக்கேறிவிட்டது.

ஆனாலும் உண்மையான பரீட்சை அடுத்தநாள் காலைதான் என்று அவளுக்குத் தெரியும். இந்த நோவு அன்றைக்கு இடம்கொடுத்துவிட்டு மறுநாள் வந்து பிடிக்கிற வகை. அரியரத்தினத்துக்கும் தெரியும். கட்டிலுக்குப் பக்கத்தில் செருப்பைச் சோடியாக வைத்துவிட்டுத்தான் அவர் படுத்தார்.

விடிந்தது. அவர் கண்ணை விழித்துப் பார்த்தபோது பக்கத்தில் யோகராணி இல்லை. செருப்பு இரண்டும் வைத்த இடத்திலேயே இருந்தன. குசினியில் கேத்தில் கொதிக்கிற சத்தமும், கண்ணாடி அலுமாரி திறக்கிற சத்தமும் கேட்டன. அவர் பதறிப்போய்ச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினார். யோகராணி டைல்ஸில் வெறுங்காலோடு நின்று, பூப்போட்ட கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா இது, கால்?"

"என்ன கால்?" என்று கேட்டாள் யோகராணி. பிறகுதான் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தாள். கட்டிலிலிருந்து இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறாள், முதலடி வைத்தது நினைவிலேயே இல்லை. வலது குதியை ஒருமுறை தூக்கி, நிலத்தில் நன்றாக ஊன்றிப் பார்த்தாள். பிறகு கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு செருப்பைப் போட்டு, இரண்டு பூப்போட்ட கோப்பைகளிலும் தேநீரை ஊற்றினாள்.